பள்ளி ரோபோவுக்குச் செயின், பல்சக்கரம், மோட்டார்: மலையில் எங்கே கிடைக்கும்?

இயற்பியல் டீச்சர், கோத்தகிரி:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். கோவையில் ஒரு பொறியியல் கல்லூரி நடத்தும் பள்ளி ரோபோ போட்டிக்கு எங்கள் பிள்ளைகள் ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். விதி இதுதான்: வண்டி 60 செ.மீ. சதுரத்துக்குள் அடங்க வேண்டும், எடை 12 கிலோவுக்கு மேல் போகக்கூடாது, 12 வோல்ட் மட்டும். பின்னால் 10 கிலோ எடையுள்ள தள்ளுவண்டியைக் கட்டிக்கொண்டு 15 டிகிரி பிளைவுட் சரிவில் மூன்று மீட்டர் ஏறி, உச்சியில் நின்று, அப்படியே பின்பக்கமாக இறங்க வேண்டும். மோட்டார் எது வேண்டுமானாலும் போடலாம்.

எங்களிடம் இருப்பவை மஞ்சள் நிற பி.ஓ. மோட்டார்கள், பேட்டரியில் ஓடும் சின்ன பிளாஸ்டிக் கியர் மோட்டார்கள். தரையில் கறுப்புக் கோட்டைப் பிடித்து ஓட அவை போதும். மேடு என்றால் உள்ளே பிளாஸ்டிக் பல் மழுங்கிவிடுகிறது. கையிலிருந்த பணத்தில் ஒரு பங்கு இணையத்தில் பல்சக்கரம் வாங்கியதில் போய்விட்டது. 8 மி.மீ. துளை என்று படத்தில் போட்டிருந்தார்கள், வந்தது 10 மி.மீ. திருப்பி அனுப்பக் கேட்டால் கூரியர் செலவு உங்களுடையது என்கிறார்கள். மிச்சம் ஐயாயிரம் சொச்சம் இருக்கிறது. இனி எதையும் கண்ணால் பார்த்துத்தான் வாங்குவது என்று முடிவு.

எந்த மோட்டார் இந்தச் சுமையைத் தாங்கும்? பல்சக்கரத்தை மோட்டாரோடு எப்படி இணைப்பது? இங்கே லேத் பட்டறைக்காரர்கள் எல்லோரும் வேலையில் மூழ்கியிருக்கிறார்கள், ஒரே ஒரு புஷ் (தண்டுக்கும் துளைக்கும் நடுவே போடும் வளையம்) கடைந்து தரச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஒரு பையன் தாத்தாவின் பழைய சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். அதிலிருந்து என்னென்ன உருவலாம் என்றும் சொல்லுங்கள்.

பழைய ஃபிட்டர், குன்னூர்:

டீச்சர், நான் தேயிலை ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன். ரோபோ எனக்குத் தெரியாது. செயின் தெரியும், பேரிங் தெரியும், எடையை மேலே ஏற்றுவது தெரியும். உங்கள் வண்டிக்கு அவ்வளவு போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. வண்டி 12, தள்ளுவண்டி 10, மொத்தம் 22 கிலோ. 15 டிகிரிக்கு சைன் 0.26. 22 பெருக்கல் 9.8 பெருக்கல் 0.26, ஆக 56 நியூட்டன். சக்கரம் உருளும் தடையையும் சேர்த்து 65 என்று வையுங்கள். 15 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் என்றால் ஆரம் ஏழரை, அப்போது தேவையான முறுக்குவிசை 4.9 நியூட்டன் மீட்டர். இரண்டு மோட்டாருக்குப் பங்கு வைத்தால் தலைக்கு இரண்டரை. மாருதி 800, ஆம்னி மாதிரி வண்டிகளின் வைப்பர் மோட்டார் இதைச் சாதாரணமாகத் தாங்கும். மெதுவான வேகத்தில் அது நிமிடத்துக்குச் சுமார் 45 சுற்று சுற்றும். 15 செ.மீ. சக்கரம் ஒரு சுற்றுக்கு 47 செ.மீ. போகும் என்பதால் நொடிக்கு 35 செ.மீ., மூன்று மீட்டர் ஏற ஒன்பது நொடி. போட்டிக்கு இது போதாதா?

ஆனால் உங்கள் வண்டி மோட்டாரால் தோற்காது, பிடிமானத்தால்தான் தோற்கும். 12 கிலோ வண்டி அந்தச் சரிவை அழுத்துவது 114 நியூட்டன். அதை வைத்துக்கொண்டு 65 நியூட்டன் இழுக்க வேண்டும், அதாவது பாதிக்கும் மேல். நாலு சக்கரமும் ஓடி, நாலிலும் நல்ல ரப்பர் இருந்தால் இழுக்கும். பின்சக்கரம் இரண்டு மட்டும் ஓடினால், அதில் விழும் எடை மொத்தத்தில் பாதி, சரிவில் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும். நம்ம ஊட்டி ரயில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்பட்டையைக் கடித்துக்கொண்டு ஏறுவது என்ஜினில் வலு இல்லாமலா? 12-க்கு ஒன்று என்ற சரிவில் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும், அதனால்தான். நடுவில் இரண்டு பட்டை ஓடும், ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்துக்கு நேராக வரும். எப்போதும் ஒரு பல்லாவது முழுசாகக் கடித்திருக்கும். 1899-ல் போட்ட ஏற்பாடு, பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் போட்டிச் சரிவு ஏறக்குறைய நாலுக்கு ஒன்று. அதனால் செலவழிக்கிற பணத்தை ரப்பரிலும், நாலு சக்கரத்தையும் ஓட்டும் செயினிலும் போடுங்கள்.

இனி இணைப்பு. பிள்ளைகள் எல்லோரும் சக்கரத்தை ஷாஃப்டில் இறுக்கி, ஷாஃப்டைச் சுற்ற வைக்கத்தான் பார்ப்பார்கள். அங்கேதான் லேத், கீவே (ஷாஃப்டில் வெட்டும் காடி), கிரப் ஸ்க்ரூ (ஷாஃப்டை அழுத்திப் பிடிக்கும் தலையில்லாத திருகு) என்று செலவு இழுக்கும், எல்லாம் செய்த பிறகும் கிரப் ஸ்க்ரூ சறுக்கும். நீங்கள் அச்சைச் சுற்றவே விடாதீர்கள். ஹார்டுவேர் கடையில் ஆறு அங்குல தள்ளுவண்டிச் சக்கரம், பேரிங் வைத்தது, ரப்பர் போட்டது, தனியாகக் கிடைக்கும். பேரிங் 6201 ஆக இருந்தால் உள்துளை 12 மி.மீ., ஒரு நீள எம் 12 போல்ட்டே அச்சாகிவிடும். போல்ட் சட்டத்தில் அசையாமல் நிற்கட்டும், சக்கரம் மட்டும் சுற்றட்டும். பல்சக்கரத்தைச் சக்கரத்தின் உடம்பிலேயே நாலு எம் 6 போல்ட்டால் பிடித்துவிடுங்கள். லேத்துக்கு வேலையே இல்லை.

பல்சக்கரத்துக்குச் சைக்கிள் ஃப்ரீவீல், அதாவது பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம், போதும், 18 பல். அதை அப்படியே போட்டால் ஒரு பக்கம்தான் இழுக்கும், மறுபக்கம் கிர்ரென்று சும்மா சுற்றும், உங்களுக்கோ பின்னால் வரவும் வேண்டும். அதனால் பிரித்துவிடுங்கள். முகத்தில் இரண்டு குழி உள்ள மூடி இருக்கும், அது இடமரை. குழியில் பஞ்ச் கம்பியை வைத்துக் கடிகார முள் சுற்றும் பக்கமாகச் சுத்தியலால் தட்டினால் கழலும். கீழே ஒரு தட்டு வையுங்கள், குண்டுகள் சிதறும். உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு வெளிவளையத்தை மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவுங்கள், கிரீஸ் மிச்சம் இருந்தால் வெல்டிங் நுரைத்துக்கொண்டு போகும். அந்த வளையத்தை 3 மி.மீ. தகட்டில் நடுச்சென்டர் பார்த்து நாலு இடத்தில் பொட்டு வெல்டு வைக்கச் சொல்லுங்கள். தகட்டில் துளை போட்டுக்கொள்ளலாம். வளையத்தில் துளை போட முயலாதீர்கள், கடினப்படுத்திய இரும்பு, டிரில் பிட்தான் எரியும்.

மோட்டார் பக்கத்துக்கும் இதே வளையம்தான். வைப்பர் மோட்டாரின் தண்டு கூம்பாக, வரிவரியாகச் சீவியிருக்கும். அதற்கு யாரும் புஷ் கடைந்து தரமாட்டார்கள். அதனால் காயலாங்கடையில் வாங்கும்போது அதன் கிராங்க் கையோடு (தண்டின் நுனியில் மாட்டியிருக்கும் சின்ன இரும்புக் கை) கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் அதைக் கழற்றி எறிந்துவிடுவார். அந்தக் கை தண்டின் வரிகளில் ஏற்கெனவே கச்சிதமாக உட்காரும். நுனியை அறுத்துவிட்டு, பல்சக்கரத் தகட்டை அதன் மேல் வெல்டு வையுங்கள். தகட்டின் நடுத்துளையைத் தண்டின் நட்டு போகிற அளவுக்கு மட்டும் போட்டால் அதுவே சென்டர் காட்டும். வெல்டு வைக்குமுன் கையை மோட்டாரிலிருந்து கழற்றிவிடுங்கள், சூடு உள்ளே போனால் நைலான் பல் உருகும்.

ஒரே செயினை மோட்டார், முன்சக்கரம், பின்சக்கரம் மூன்றிலும் முக்கோணமாகச் சுற்றிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். பார்க்க அழகாக இருக்கும். மோட்டார்ப் பல்லில் நாலைந்து கண்ணிதான் பிடித்திருக்கும், சுமையில் குதிக்கும். இரண்டு செயினாகப் போடுங்கள்: மோட்டாரிலிருந்து பின்சக்கரம், பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம். பின்சக்கரத்துக்கு இரட்டை வளையம், நடுவில் செயின் ஒன்றோடொன்று உரசாத அளவுக்கு வாஷர்.

செயின் எங்கே என்றால், தாத்தா சைக்கிளிலேயே ஒன்று இருக்கிறது. கேத்தி பாலாடா பக்கம் கேரட் கழுவும் மெஷின் வைத்திருப்பவர்களையும் கேட்டுப் பாருங்கள், கழற்றிப்போட்ட செயினும் பேரிங்கும் மூலையில் கிடக்கும். எதை எடுத்தாலும் பத்துக் கண்ணியை இழுத்துப் பிடித்து, முதல் ஊசியின் நடுவிலிருந்து கடைசி ஊசியின் நடு வரை அளந்து பாருங்கள். 127 மி.மீ. வந்தால் அரை அங்குல பிட்ச் (ஊசிக்கு ஊசி தூரம்), சைக்கிளும் 428 பைக் செயினும் அதுதான். 159 வந்தால் ஐந்தெட்டு அங்குலம், அதைத் தொடாதீர்கள். பிட்ச் ஒன்றானாலும் அகலம் வேறு. பைக் செயின் சைக்கிள் பல்லில் தளர்வாகவாவது உட்காரும், சைக்கிள் செயின் பைக் பல்லில் இறங்கவே இறங்காது.

கோவை ரோபோ மாணவன்:

டீச்சர், ஐயா சொன்ன மெக்கானிக்கல் பக்கத்தில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. அந்தக் கிராங்க் கை யோசனையை எங்கள் அணிக்கும் எடுத்துக்கொள்கிறேன். மின்சாரப் பக்கத்தில் மூன்று விஷயம்.

ஒன்று, மோட்டாரின் உடம்பு. பல வைப்பர் மோட்டார்களில் ஒரு பிரஷ் உள்ளேயே உடம்போடு சேர்ந்திருக்கும், காரில் அதுதான் எர்த். மல்டிமீட்டரில் உடம்புக்கும் ஒயருக்கும் தொடர்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், ஒரு மோட்டார் முன்னும் ஒன்று பின்னும் சுற்றும் நேரத்தில் சட்டம் வழியாக நேரே ஷார்ட் ஆகும். மோட்டாரை மட்டும் மரத்தில் மாட்டினால் தீராது. தண்டு, செயின், பல்சக்கரம், அச்சு என்று சுற்றி வந்து இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிடும். பின்மூடியைத் திறந்து, அந்த பிரஷை உடம்போடு சேர்க்கும் இணைப்பை வெட்டி, தனி ஒயர் வெளியே இழுத்துவிடுங்கள். சால்டரிங் தெரிந்த பிள்ளை செய்துவிடும். வேகமான சுற்றுக்கு ஒரு மூன்றாவது பிரஷ் இருக்கும், நின்ற இடத்துக்கே திரும்புவதற்கு ஒரு பார்க்கிங் ஒயரும் இருக்கும். இரண்டையும் டேப் சுற்றி விட்டுவிடலாம்.

இரண்டு, டிரைவர், அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தைத் திருப்பிவிடும் போர்டு. உங்கள் கிட்டில் எல் 298 போர்டு இருக்கும். அது இரண்டு ஆம்பியர் வரைக்கும்தான், அதிலும் இரண்டு வோல்ட் அதுவே தின்றுவிடும். வைப்பர் மோட்டார் சுமையில் அதைவிட எவ்வளவோ அதிகம் இழுக்கும். பிடிஎஸ் 7960 போர்டு வாங்கலாம், இல்லாவிட்டால் ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் ஐந்து கால் ரிலே, மோட்டாருக்கு இரண்டு வீதம் நாலு. ரிலேயின் கால்களில் எண் போட்டிருக்கும்: 87 பாசிட்டிவுக்கு, 87ஏ நெகட்டிவுக்கு, 30 மோட்டாரின் ஒரு ஒயருக்கு. முதல் ரிலே அடித்தால் முன்னால், இரண்டாவது அடித்தால் பின்னால், இரண்டும் சும்மா இருந்தால் மோட்டாரின் இரு முனையும் நெகட்டிவில் சேர்ந்து பிரேக் மாதிரி நிற்கும். வைப்பர் மோட்டாருக்குள் இருப்பது வார்ம் கியர், சக்கரத்தைத் தள்ளி மோட்டாரைச் சுற்ற முடியாது, அதனால் உச்சியில் தானாகவே நிற்கும். பேட்டரியை ஒட்டியே 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கட்டாயம்.

மூன்று, இடது வலது. இரண்டு மோட்டாரையும் எதிரெதிராக மாட்டினால், வண்டி முன்னால் போக ஒன்று வலப்பக்கமாகவும் மற்றது இடப்பக்கமாகவும் சுற்ற வேண்டும். பிரஷ் வைத்திருக்கும் கோணத்தால் இரண்டு திசையிலும் வேகம் ஒன்றாக இருக்காது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இரண்டையும் ஒரே பக்கம் பார்த்து மாட்டி, ஒன்றன் செயினை மட்டும் சட்டத்தின் மறுபுறம் கொண்டுபோக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் பிடிஎஸ் போர்டு போட்டு வேகமான பக்கத்தைப் புரோகிராமில் குறையுங்கள். ரிலேயில் அது முடியாது.

பேட்டரிக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். கேரட், உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரில் 12 வோல்ட் 8 ஆம்பியர் மணி பேட்டரி இருக்கும், இரண்டரை கிலோ சுமார். மோட்டார் மலையில் கிடைக்காவிட்டால் உக்கடத்தில் பழைய வண்டிச் சாமான் கடைகளில் பாருங்கள். லாரி, பஸ் வைப்பரை விலை குறைவு என்று எடுத்துவிடாதீர்கள், அவை 24 வோல்ட். ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள், கையோடு ஸ்பிரேயர் பேட்டரியைக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று. கோவைக் கல்லூரிகளில் ரோபோகான் (கல்லூரிகளுக்கான ரோபோ போட்டி) அணி வைத்திருப்பவர்கள் பலர். போட்டி முடிந்தால் அந்த வருஷ ரோபோவைப் பிரித்துப் பெட்டியில் போட்டு வைப்பார்கள், அடுத்த வருஷம் விதி மாறிவிடும். பள்ளி லெட்டர்பேடில் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். பேரிங், அலுமினியம் பைப், ஜான்சன் மோட்டார் (உலோகக் கியர் வைத்த வலுவான மோட்டார்) எல்லாம் வரலாம்.

ஏரிக்கரை, கொடைக்கானல்:

எங்கள் ஊரில் ஏரியைச் சுற்றி வாடகைக்குச் சைக்கிள் விடும் கடைகள் உண்டு. இரண்டு பேர் மிதிக்கும் நீளச் சைக்கிளும் வைத்திருப்பார்கள். அதில் முன் மிதியையும் பின் மிதியையும் சேர்க்கிற இரண்டு பல்சக்கரமும் பெரும்பாலும் ஒரே அளவு. ஃபிட்டர் ஐயா சொல்கிற முன்சக்கரம் பின்சக்கரம் இணைப்புக்கு நேரே அதை எடுத்துப் போடலாம் என்று எனக்குத் தோன்றியது. மெல்லிய தகட்டில் அடித்தது, டிரில் சுலபமாக இறங்கும். ஆனால் பெரிது, 15 செ.மீ. சக்கரத்துக்கு ஒத்துவராது. 30 செ.மீ. சக்கரம் போடுகிற பிள்ளைகளுக்கு வேண்டுமானால் உதவும். ஊட்டி ஏரிப் பக்கமும் கேட்டுப் பாருங்கள். சீசன் முடிந்த கையோடு போனால்தான் கழித்துக் கட்டிய சாமான் இருக்கும், நனைந்து துருப்பிடிப்பதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும்.

இயற்பியல் டீச்சர், கோத்தகிரி:

எல்லோருக்கும் நன்றி. ஃபிட்டர் ஐயா, உங்கள் கணக்கை அப்படியே பதினோராம் வகுப்புக்குப் போர்டில் போட்டேன். பாடப்புத்தகத்தில் சரிவுக் கணக்கைத் தூங்கிக்கொண்டே போடுகிறவன் எழுந்து வந்து, "தள்ளுவண்டிக் கயிற்றை உயரத்தில் கட்டினால் முன்சக்கரம் தூக்காதா?" என்று கேட்டான். பதில் எனக்குத் தெரியும், ஆனாலும் உங்கள் வாயால் கேட்கட்டும்.

ஆம்னி வைப்பர் மோட்டார் இரண்டு, மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் கிராங்க் கையோடு கிடைத்துவிட்டன. தம்பி சொன்னபடி உடம்பைப் பார்த்தோம், இரண்டிலும் தொடர்பு இருக்கிறது, பிரிக்கப்போகிறோம். தாத்தா சைக்கிள் செயினை அளந்தோம். பத்துக் கண்ணிக்கு 129 மி.மீ. வருகிறது. இது அரை அங்குலம்தானே? அப்புறம், செயின் தளர்ந்தால் இறுக்க வழி என்ன?

பழைய ஃபிட்டர், குன்னூர்:

அந்தப் பையன் கேட்டது சரியான கேள்வி. கயிறு பின்னுக்கு 30 நியூட்டன் வரை இழுக்கும். பின்சக்கர அச்சுக்கு மேலே கட்டினால் முன்பக்கம் லேசாகும், நாலு சக்கரம் ஓடியும் இரண்டுக்குத்தான் பிடிமானம் இருக்கும். அச்சு உயரத்திலோ அதற்குக் கீழேயோ கட்டுங்கள். பேட்டரியை முன்சக்கரத்துக்கு மேலே வையுங்கள், மோட்டார் இரண்டும் பின்னால் இருப்பதால் எடை அப்போதுதான் சமப்படும். மொத்த எடை 12-க்குக் குறைந்தால் ஒரு துண்டு இரும்பை முன்னால் போட்டாவது 12 ஆக்குங்கள். இந்தப் போட்டியில் எடை குறைந்த வண்டிக்கு லாபம் இல்லை.

ரப்பர் வழுவழுப்பாக இருந்தால், தேயிலை ஃபேக்டரிகளில் மாற்றிப்போட்ட கன்வேயர் பெல்ட் துண்டு கேளுங்கள், சும்மாவே கொடுப்பார்கள். சொரசொரப்பான பக்கம் வெளியே இருக்கும்படி சக்கரத்தில் சுற்றி, ஓரத்தில் ரிவெட் அடியுங்கள். நடுவில் அடித்தால் ரிவெட் தலை தரையைத் தொட்டு வழுக்கும்.

இறுக்குவதற்குத் தனியாக ஒன்றும் வேண்டாம். அச்சு போல்ட்டுக்கு வட்டத் துளை போடாமல் 20 மி.மீ. நீளத்துக்குக் காடி வெட்டச் சொல்லுங்கள், சைக்கிள் பின்சக்கரத்தில் இருக்கிறதே, அதே மாதிரி. பின்சக்கரத்தை அசைக்காமல் மோட்டாரை மேலே நகர்த்தி முதல் செயினை இறுக்குங்கள், முன்சக்கரத்தை நகர்த்தி இரண்டாவதை இறுக்குங்கள். விரலால் அழுத்தினால் நடுவில் கொஞ்சம் அசைய வேண்டும். கம்பி மாதிரி நின்றால் பேரிங்தான் தேய்ந்துபோகும்.

129 என்றால் அரை அங்குலம்தான், ஆனால் தேய்ந்து நீண்டது. நூற்றுக்கு ஒன்று நீண்டாலே மாற்ற வேண்டும், இது ஒன்றரைக்கு மேல். தாத்தா ஃப்ரீவீல் பல்லும் அதற்கேற்பக் கொக்கியாக வளைந்திருக்கும், இரண்டும் சேர்ந்து ஓடும். நீங்கள் போடப்போகும் மற்ற வளையங்களில் அது ஏறிக் குதிக்கும். செயின் மட்டும் புதிதாக வாங்கிவிடுங்கள், இரண்டு போதும். ஒரு பக்கத்துக்கு ஒன்றை வெட்டினால் இரண்டு சுற்றும் அதிலேயே வந்துவிடும், சக்கரங்களுக்கு நடுவே 25 செ.மீ.க்கு மேல் போகாமல் இருந்தால். வெட்டும்போது கண்ணி இரட்டைப்படையில் நிற்கட்டும். சுற்றுக்கு ஒரு பூட்டுக் கண்ணி வேண்டும், மொத்தம் நாலு. செயினோடு ஒன்றுதான் வரும், மற்ற இரண்டையும் கடைக்காரரிடம் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெல்டிங்குக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் வளையத்தையும் தகட்டையும் எடுத்துக்கொண்டு குன்னூர் வாருங்கள். எனக்குத் தெரிந்த பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வைத்துக் கொடுப்பார்கள்.